வெயிலும் ஒரு மகசூலே

பயிர்த்தொழில் செய்வோருக்கு மின்சாரம் புதிய பொருளன்று. 1932-ம் வருஷத்தில் நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றின் நீரைக்கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். 1937-ல் மேட்டூரிலும், 1944-ல் பாபநாசத்திலும் உற்பத்தி நிலையங்கள் ஏற்பட்டன. கோயம்புத்தூர் ஜில்லாவில் மாடு பூட்டிக் கவலை இறைத்துவந்த ஆழமான கிணறுகளில் மின்சாரப் பம்புகள் வந்தமர்ந்தன. அன்று தொடங்கிப் பல பத்தாண்டுகள் வரையில் மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடியது. மலையினின்றோ நிலக்கரி நிலையத்தினின்றோ புறப்பட்டுக் கம்பி வழியாக வந்து, குடியானவர் வீட்டு மீட்டரோடு முடிந்தது. அவர் வாங்குபவர், விற்பவரல்லர்.

இந்த நிலை இப்பொழுது மாறியிருக்கிறது. வீட்டுத் தளத்தின்மேல் சூரிய ஒளித் தகடுகளை அமைத்துக்கொண்டவர், பகலில் தமக்கு வேண்டியதைப் பயன்படுத்திக்கொண்டு, மிகுந்ததை அதே கம்பி வழியாக மின்வாரியத்துக்கு அனுப்பலாம். அனுப்பியதற்குக் கணக்கும் உண்டு. இவ்விதமாக, நெல்லையும் வேர்க்கடலையையும் போல மின்சாரமும் ஒரு வீட்டின் விளைபொருள் ஆகிவிட்டது.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய பகுதிகளில் இவ்விஷயம் இன்று வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது. தகடு விற்கும் வியாபாரிகள் திருமழிசை, வெள்ளவேடு, நேமம் போன்ற ஊர்களிலும் வந்து கேட்கிறார்கள். "மின்சாரத்தை விற்று மாதாமாதம் பணம் பெறலாம்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். "இது வீண்செலவு, தகடு இரண்டு வருஷத்தில் கெட்டுவிடும்" என்று வேறு சிலர் அச்சமூட்டுகிறார்கள். இரண்டும் சரியல்ல. வீட்டு மின்சாரத்தை விற்பனைப் பயிராக எண்ணாமல் உணவுப் பயிராக எண்ணுவதே நலம். முதலில் வீட்டுக்கு வேண்டியது, மிஞ்சியதே சந்தைக்கு என்ற பழைய குடியானவர் வழக்கமே இங்கும் பொருந்தும். ஆயினும் மிஞ்சியதற்கு நியாயமான விலை கிடைக்கவேண்டும் என்பதிலும் ஐயமில்லை. அந்த விலையைச் சார்ந்தே இப்பகுதியின் கிணறுகளின் க்ஷேமமும் இருக்கிறது.

மகசூலின் அளவு

ஒரு கிலோவாட் சக்தியுள்ள தகடுகளை அமைக்கச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். சென்னைப் பக்கத்தில் இதிலிருந்து வருஷ சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் எதிர்பார்க்கலாம். ஆகவே 3 கிலோவாட் அமைப்பு இரண்டு மாதத்தில் சுமார் 700 யூனிட் தரும்.

இந்த மகசூலும் பருவத்தைச் சார்ந்ததே. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உற்பத்தி குறையும். அக்கினி நட்சத்திர வெயிலில் மிக அதிகமாக விளையும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் தவறு. தகட்டுக்கு வேண்டியது ஒளியே தவிர வெப்பமன்று. தகடு சூடேறச் சூடேற அதன் திறன் சிறிது சிறிதாகக் குறையும். வானம் தெளிந்து, சூடு மிகாதிருக்கும் மாசி, பங்குனி மாதங்களே நல்ல விளைச்சற் காலம்.

நிழலைப் பற்றியும் கவனிக்கவேண்டும். தகடுகளை ஒன்றோடொன்று தொடராக இணைப்பது வழக்கமாதலால், ஒரு தகட்டின்மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையலாம். வாய்க்கால் ஓரிடத்தில் அடைபட்டால் கடைமடைக்கு நீர் போகாததைப் போன்றது இது. தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கவேண்டும். புழுதி படிந்தால் காலை வேளையில், கண்ணாடி சூடேறுமுன், வெறும் நீரால் கழுவவேண்டும். இவ்வாறு பேணினால் தகடுகள் 25 வருஷம் வரை உழைக்கக் கூடியவை. இன்வெர்ட்டர் என வழங்கும் மாற்றுக் கருவியை மட்டும் இடையில் ஒருமுறையேனும் மாற்றவேண்டி வரும். அச்செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

யாருக்கு லாபம்

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீடுகளில் தகடுகளை அமைப்பதற்காக 75,021 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பிரதம மந்திரி சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் என்பது அதன் பெயர். இதன்படி 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். 3 கிலோவாட் அமைப்புக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் செலவாகும் என்று கொண்டால், மானியம் நீங்கலாக வீட்டுக்காரர் போடவேண்டியது 1,20,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

இப்பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கொருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதன்மேல் உபயோகம் ஏற ஏற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 2024 ஜூலை மாத விகிதங்களின்படி, 500 யூனிட்டைத் தாண்டிய பகுதிக்கு யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய்க்கு மேலும், 1,000 யூனிட்டைத் தாண்டிய பகுதிக்கு 11 ரூபாய்க்கு மேலும் ஆகும்.

இரண்டு குடும்பங்களை உதாரணமாகக் கொள்ளலாம். ஆவடியில் குளிர்சாதனக் கருவியும் மாவு யந்திரமும் வைத்துள்ள ஒரு பெரிய குடும்பம் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் செலவிடுகிறது. கட்டணம் சுமார் 5,900 ரூபாய். 3 கிலோவாட் அமைப்பின் 700 யூனிட்டைக் கழித்தால் மீதி 200 யூனிட். அதற்குக் கட்டணம் 250 ரூபாயை எட்டாது. பிடித்தங்கள் ஏதேனும் இருந்தால் அவை நீங்கலாக, வருஷத்துக்கு 30,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். நான்கு வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும்.

வெள்ளவேட்டில் மின்விசிறியும் விளக்கும் தொலைக்காட்சியும் மட்டுமுள்ள ஒரு குடியானவர் வீடு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவிடுகிறது. கட்டணம் சுமார் 700 ரூபாய். வருஷத்துக்கு 4,200 ரூபாய். இக்குடும்பம் வியாபாரியின் பேச்சைக் கேட்டு அதே 3 கிலோவாட் அமைப்பை வைத்தால், கட்டணத்தில் மிச்சமாகக் கூடியது அந்த 4,200 ரூபாய் மட்டுமே. அந்த மிச்சத்தைக்கொண்டு முதல் திரும்ப 28 வருஷத்துக்கு மேல் ஆகும். தகட்டின் ஆயுளோ 25 வருஷம். மிகுந்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் விலை, மேற்படியிலுள்ள வீட்டுக்காரர் கட்டும் விலையைவிட மிகக் குறைவு. ஆகையால் அதை நம்பிப் பெரிய அமைப்பை வைப்பது, விலை நிச்சயமில்லாத பயிரைக் கடன் வாங்கி விதைப்பதற்கு ஒப்பாகும். அவ்வீட்டுக்கு 1 கிலோவாட்டே ஏற்றது. அல்லது உபயோகம் பெருகும்வரை பொறுத்திருப்பதும் தவறாகாது.

கடந்த ஒரு வருஷத்து மின்கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபின்னரே அமைப்பின் அளவை நிச்சயிக்கவேண்டும். அட்டையைப் பாராமல் அளவு சொல்லும் வியாபாரியின் சொல்லை ஏற்கலாகாது.

அளவுகோல் மாறிய வரலாறு

மிகுதி மின்சாரத்துக்கு என்ன வரவு என்ற விதி தமிழ்நாட்டில் ஒரே நிலையில் இருந்ததில்லை. 2012-ல் மாகாண சர்க்கார் சூரியசக்திக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2013-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அனுப்பியதையும் வாங்கியதையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டு முறையை அனுமதித்தது. ஆனால் வருஷ உபயோகத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட மிகுதிக்கு வரவில்லை. கணக்கு முடிவில் எஞ்சியது காலாவதியாகிவிடும். அதாவது, களத்தில் மிஞ்சிய நெல் களத்துக்காரருக்கே என்பது போன்ற விதி.

2019-ல் இம்முறை மாற்றப்பட்டு, வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலையும், அனுப்பும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த வேறொரு விலையும் வைக்கப்பட்டன. 2021-ல் புதிய விதிமுறைகள் ஏற்பட்டு, வீடுகளுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை மீண்டும் வந்தது. எட்டு வருஷத்துக்குள் மூன்று அளவுகோல்கள்! மரக்காலை அடிக்கடி மாற்றும் சந்தைக்கு யார் துணிந்து நெல் கொண்டுவருவார்கள்? தகடு 25 வருஷத்துக்குரிய முதலீடாகையால், அமைத்த நாளில் இருந்த விதி அந்த வீட்டுக்குக் கடைசிவரை மாறாது என்ற உறுதியை அளிப்பது அவசியம்.

ஜெர்மனி தேசத்தில் இவ்வழியே கைக்கொள்ளப்பட்டது. அங்கே 1990-ல் இயற்றப்பட்ட சட்டம் சிறிய உற்பத்தியாளரிடமிருந்து மின்சாரத்தை வாங்கியே தீரவேண்டும் என்று மின்கம்பெனிகளுக்கு விதித்தது. 2000-ல் வந்த சட்டம் 20 வருஷத்துக்கு நிச்சயமான விலையை ஏற்படுத்தியது. அங்குள்ள குடியானவர்கள் தங்கள் வைக்கோற் கொட்டகைகளின் கூரைகளையும் மாட்டுத் தொழுவங்களின் கூரைகளையும் தகடுகளால் மூடினார்கள். சென்னையைவிட வெயில் மிகக் குறைந்த தேசம் அது.

கூரையா, நன்செயா

அம்பத்தூர்ப் பகுதியில் ஏரிப்பாசன நிலங்கள் பல வருஷங்களுக்கு முன்னரே வீடுகளாகவும், 1960-களில் ஏற்பட்ட தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. ஆவடியிலும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. பூந்தமல்லிக்கு மேற்கே எஞ்சியிருக்கும் நிலத்துக்கும் மனை வியாபாரிகள் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்நிலையில், நிலத்திலேயே தகடுகளைப் பரப்பி மின்சாரம் விற்கலாமே என்ற யோசனையும் எழுகிறது. 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின் முதற் பிரிவு, குடியானவர் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையில் உற்பத்தி நிலையம் அமைக்க இடந்தருகிறது. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து ஏக்கர் வேண்டும்.

கல்லாங்குத்து நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் இத்திட்டம் பொருத்தமானதே. நீர் பாயும் நன்செயை இதற்குக் கொடுப்பது ஏற்கத்தக்கதன்று. மின்சாரம் எங்கிருந்தும் வரலாம். கூரை எல்லா வீட்டிலும் உண்டு. ஏரிக்கருகில் நெல் விளையும் மண் அப்படிப் பெருகுவதன்று. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இம்மண்ணுக்கும் இப்பருவத்துக்கும் ஏற்ற டி.கே.எம். ரகங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வந்திருக்கிறது. அந்த விதையை விதைக்க நிலம் வேண்டாமா? வீட்டின் தளம், மாட்டுக் கொட்டகை, அரிசி மில், தானியக் கிடங்கு, பள்ளிக்கூடம் இவற்றின் கூரைகள் முழுவதும் நிரம்பிய பின்னரே நிலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நீரை விற்பதா, வெயிலை விற்பதா

இனிக் கிணற்றைப் பற்றிய விஷயம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. இதனால் சிறு குடியானவர்கள் பெரிதும் பயனடைந்தார்கள் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் விலையில்லாத மின்சாரம் இருக்குமிடத்தில் பம்பை நிறுத்தவேண்டிய காரணம் ஒன்றுமில்லை. சென்னையை அடுத்த ஊர்களில் இதற்கு வேறொரு தூண்டுதலும் சேர்ந்தது. கோடையில் நகரத்துக்கு நீர் போதாதபோது, திருவள்ளூர் ஜில்லாவின் இறவைக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக நீர் சென்றது. குடிநீர் வாரியமும் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளை அமர்த்தி நீர் பெற்றிருக்கிறது. 2019-ம் வருஷக் கோடையில் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, இந்த நீர் வியாபாரம் உச்சநிலையை அடைந்தது. பயிரிடுவதைவிட நீரை விற்பதே லாபம் என்று கண்டவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் அதன் முடிவை மீஞ்சூரில் காணலாம். அளவு மிஞ்சிய இறைப்பினால் அங்கே கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. உப்பேறிய கிணறு எந்த மானியத்தாலும் உடனே இனிப்பதில்லை.

சூரிய பம்புகள் வந்ததும் இக்கவலை தீர்ந்துவிட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். வேளாண்மைப் பொறியியல் இலாகா 60 சதவீத மானியத்தில் சூரிய பம்புகளை அமைத்துத் தருகிறது. ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்கு மேலும் அதிக மானியம் உண்டு. மின் இணைப்புக்காகப் பல வருஷம் காத்திருந்தவர்களுக்கு இது பேருதவியே. எனினும் கம்பியோடு இணைக்கப்படாத பம்பில் ஒரு குறை உண்டு. பயிருக்கு நீர் வேண்டாத நாட்களில் தகடு சும்மா கிடக்கும். அல்லது சும்மா கிடப்பானேன் என்று நீரை இறைத்து வீணாக்கும்படி நேரும். வெயிலுக்கு விலையில்லை, ஆகவே நீருக்கும் மதிப்பில்லை.

அந்தத் தகட்டைக் கம்பியோடு இணைத்து, மிகுதிக்கு விலை கொடுத்தால் நிலைமை வேறாகும். 5 குதிரைச்சக்திப் பம்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு 4 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், வீணாக ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் 16 ரூபாய் நஷ்டம் என்று குடியானவருக்கே தெரியும். அத்தகைய பம்புக்குரிய தகடுகள் வருஷத்தில் 6,500 யூனிட்டுக்குக் குறையாமல் தரக் கூடியவை. பாதியைப் பாசனத்துக்கு வைத்துக்கொண்டு பாதியை அனுப்பினால், சுமார் 13,000 ரூபாய் வரும்படி. பெருந்தொகையன்று, ஆயினும் மழை பொய்த்தாலும் பொய்க்காத வரும்படி. கிணற்றுநீரும் கிணற்றிலேயே இருக்கும்.

இது வெறும் கற்பனையன்று. குஜராத்தில் கேடா ஜில்லாவிலுள்ள துண்டி என்னும் கிராமத்தில் ஆறு விவசாயிகள் சேர்ந்து, 2016-ல் சூரிய பம்புக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். சர்வதேச நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுக்குத் துணைநின்றது. அவர்களுடைய மிகுதி மின்சாரத்தை யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 வருஷத்துக்கு வாங்கிக்கொள்ள அவ்வட்டாரத்து மின்சாரக் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. 2018-ல் குஜராத் சர்க்கார் இம்முறையை விரிவாக்கி, முதல் ஏழு வருஷம் யூனிட்டுக்கு 7 ரூபாய் கிடைக்கும்படி சூரியசக்தி கிசான் திட்டத்தை வகுத்தது. பூந்தமல்லிப் பகுதியில் நாலைந்து கிணற்றுக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து இதைச் செய்ய முடியாதென்பதற்குக் காரணம் ஒன்றும் காணோம். வேண்டுவது, நியாயமானதும் நிலையானதுமான விலையே.

மின்வாரியத்தின் தரப்பு

மின்வாரியத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. தகடுகள் நண்பகலில் மிகுதியாகக் கொடுக்கின்றன. ஜனங்கள் விளக்கேற்றி விசிறி ஓட்டுவதோ மாலைக்குப் பிறகு. நண்பகலில் ஒரு யூனிட்டை வாங்கிக்கொண்டு இரவில் ஒரு யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த இரவு யூனிட்டை வாரியம் அதிக விலைக்கு வாங்கவேண்டி வரும். கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர், லைன்மேன் ஆகிய செலவுகளும் குறைவதில்லை. வசதியுள்ளவர்கள் தகடு வைத்துக்கொண்டு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டால், அச்சுமை தகடில்லாத ஏழைகள் தலையில் விழும் என்பது அவர்களுடைய வாதம்.

இவ்வாதம் உண்மையே. இதற்குப் பரிகாரம் வீட்டு உற்பத்தியைத் தடுப்பதன்று. உபயோகத்தை நண்பகலுக்கு மாற்றுவதே. பம்பை நண்பகலில் ஓட்டலாம். மேல்தொட்டியை நண்பகலில் நிரப்பலாம். மாவு அரைப்பதையும் துணி துவைக்கும் யந்திரத்தையும் அவ்வேளைக்கே வைத்துக்கொள்ளலாம். விளைந்த இடத்திலேயே விளைந்த வேளையிலேயே செலவாகும் யூனிட்டுக்குக் கம்பி நஷ்டமும் இல்லை. வாரியத்துக்கு வருத்தமும் இல்லை. வீட்டுத் தேவைக்கு ஏற்ற அளவில் அமைக்கவேண்டும் என்று மேலே கூறியதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பியைப் பயன்படுத்துவதற்கு நியாயமான ஒரு கூலி வைப்பதிலும் தவறில்லை. ஆனால் கூலி மகசூலையே விழுங்குவதாக இருக்கலாகாது.

சில எச்சரிக்கைகள்

கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தும்போதும் வீட்டில் விளக்கெரியாது. இதை முன்னரே அறியாதவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். இது குறைபாடன்று, கம்பத்தில் ஏறி வேலைசெய்யும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு. மின்தடையிலும் விளக்கு வேண்டுவோர் பேட்டரி சேர்ந்த அமைப்பைத் தனியே கேட்டு வாங்கவேண்டும், செலவு அதிகமாகும்.

2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா புயல் மரங்களையும் கூரைகளையும் என்ன செய்தது என்பதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். ஆதலால் தகடு தாங்கும் இரும்புச் சட்டங்களைத் தளத்தோடு உறுதியாகப் பிணைக்கவேண்டும். ஓட்டு வீட்டின் பழைய மரக்கைகள் பாரம் தாங்குமா என்பதைக் கொத்தனாரோ பொறியாளரோ சோதிக்கவேண்டும். 2015-லும் 2023-லும் டிசம்பர் மாத வெள்ளம் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் புகுந்தது. ஆகவே இன்வெர்ட்டரை வெள்ளம் ஏறாத உயரத்தில் மாட்டுவது அவசியம்.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

திட்டங்கள் எவ்வளவு நன்றாக வகுக்கப்பட்டாலும் கிராமத்தில் ஒரு சிறு காகிதத்தால் தடைபடுவதுண்டு. பல குடும்பங்களில் மின் இணைப்பு காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. மனை கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. இணைப்பின் சொந்தக்காரரே மனுச் செய்யவேண்டுமாகையால், பெயர் மாற்றமின்றி மானியம் பெறுவது கஷ்டம். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் முதலியவற்றில் கிராம நிர்வாக அதிகாரிகள் தாமதமின்றி உதவி செய்தால், அதுவே பெரிய ஊக்கமாகும். மத்திய சர்க்காரின் திட்டம் 2026-27 வரையில் நடைபெறுமாறு வகுக்கப்பட்டதாகையால், காலதாமதம் குடியானவருக்கு நேரான நஷ்டமாகும்.

பஞ்சாயத்துகள் தாமே முன்மாதிரியாக நிற்பது இன்னும் நலம். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து, 2006-ல் தன் சேமிப்போடு பாங்குக் கடனும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் ஆகும் மின்சாரத்துக்கு மேல் அது உற்பத்தி செய்தது. மிகுதியை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைத் தீர்க்க வழிசெய்தார்கள். அங்கே தலைவராயிருந்த ஆர். சண்முகம் இதற்கு முன்னின்று உழைத்தார். திருவள்ளூர் ஜில்லாவில் அத்தகைய காற்று இல்லை. ஆனால் வெயில் உண்டு. பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் தளங்கள் வெறுமையாகக் காய்ந்து கிடக்கின்றன. இக்கட்டிடங்களில் பெரும்பாலானவை பகலில்தான் இயங்குகின்றன. குடிநீர்ப் பம்பையும் பகலிலேயே ஓட்டலாம். ஆகவே விளைந்த மின்சாரம் விளைந்த வேளையிலேயே செலவாகும். பஞ்சாயத்தின் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை வாய்க்கால் தூர்வாரவும் வரப்புச் சாலை போடவும் உதவும்.

முடிவாக, வெயில் எவருடைய பட்டாவிலும் அடங்காத சொத்து. அதை அறுவடை செய்ய இன்று கருவி வந்திருக்கிறது, மானியமும் இருக்கிறது. குடியானவர்கள் கட்டண அட்டையைப் பார்த்து அளவாக அமைத்துக்கொள்ளவேண்டும். நன்செயை விட்டுக் கூரையை நாடவேண்டும். நீரை விற்பதை விட்டு வெயிலை விற்கப் பழகவேண்டும். சர்க்காரும் மின்வாரியமும் மரக்காலை அடிக்கடி மாற்றாமல், மிகுதிக்கு நிலையான விலை தரவேண்டும். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தால், பூந்தமல்லிக்கு மேற்கே எஞ்சியுள்ள வயல்களில் நெல்லும், அவற்றின் கிணறுகளில் நீரும் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும்.